கொக்கி இல்லாமல் விற்ற வண்டி

அந்த வாட்ஸ்அப் குழுவில் இருந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே வகை வண்டிதான். மலையேறும், மணலில் ஓடும், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அந்தப் பக்கம் ஏறும் என்று கம்பெனிக்காரன் சத்தியம் செய்து விற்ற பெரிய வண்டி. வாங்கியவர்கள் அதில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள், காய்கறி வாங்கினார்கள், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். கணுக்கால் அளவு தண்ணீரைக் கண்டாலே வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு தெரு வழியாகப் போனார்கள். ஏன் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். ரீசேல் போயிடும்.

மற்ற மனிதர்கள் ஒருவரை ஒருவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதுபோல இவர்கள் வண்டியின் மறுவிற்பனை விலையை விசாரித்துக்கொள்வார்கள். வெள்ளை நிறம் போகும், பழுப்பு போகாது. டீசல் போகுமா, இன்னும் ரெண்டு வருஷம் போகுமா? ஒருவர் சீட்டின் மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் உறையைக் கடைசிவரை கிழிக்கவே இல்லை. வெயில் காலத்தில் அவர் வீட்டுக்காரி அந்த உறையில் ஒட்டிக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் தவித்ததைக் குழுவே பேசிச் சிரித்தது. அதே குழு, சீட் புதுசாகவே இருக்கும் என்று அவரை மெச்சிக்கொள்ளவும் செய்தது.

இவர்களுக்குப் பிடிக்காத ஒரே சொல் இழுப்பது. பின்னால் கொக்கி மாட்டி இன்னொரு வண்டியை இழுத்தால் கியர் பெட்டி தேயும், சேஸிஸ் நெளியும் என்று ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்வார்கள். கொக்கி மாட்டிய வண்டியை அவர்கள் பார்க்கும் பார்வை, அடகுக் கடைக்குப் போய்த் திரும்பிய நகையைப் பார்க்கும் பார்வைதான். அந்தக் குழுவிலேயே ஒரே ஒரு வண்டியில்தான் கொக்கி இருந்தது. அதனால் அதன் சொந்தக்காரருக்கும் அதே பேர் விழுந்துவிட்டது. கொக்கி அண்ணா. அவருடைய சொந்தப் பேர் பாதிப் பேருக்குத் தெரியாது, மீதிப் பேருக்கு மறந்துவிட்டது.

கொக்கி அண்ணா அதற்கு முன்னால் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் கையோடு தொடங்கி, கூட்டாளி ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி நடத்துகிற அளவுக்கு வளர்ந்தவர். முதலாளி ஆன பிறகும் லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் அந்த ஃபோனை மட்டும் வேறு யாரையும் எடுக்க விடமாட்டார். உள்ளே இருக்கிறவர் பதறுவார், கத்துவார், சிலர் அழுவார்கள். இவர் ஏன், எப்படி, எந்த பட்டனை அழுத்தினீர்கள் என்றெல்லாம் குடையமாட்டார். மாட்டிக்கொண்டவனுக்கு ஏற்கனவே வெட்கமாக இருக்கும், அதைக் கிளறக் கூடாது என்பது அவர் எண்ணம். கேட்பது இரண்டே கேள்வி. "எங்க இருக்கீங்க? எந்த மாடி?" பிறகு, "கதவ இழுக்காதீங்க. பதறாதீங்க. வந்துட்டே இருக்கேன்." அவ்வளவுதான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவார். வீட்டுக்காரி தட்டை மூடி வைத்துவிட்டு, "இந்த மனுஷனக் கட்டிக்கிட்டதுக்கு நான் ஒரு லிஃப்ட்டுக்குள்ள மாட்டியிருக்கலாம்" என்பாள். இவர் சிரித்துக்கொண்டே படியிறங்கிவிடுவார்.

வயதானதும் கம்பெனியைக் கூட்டாளியிடமே விற்றார். கூட்டாளி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார். வேலைக்குப் போகாதவனுக்கு எதற்குக் கடிகாரம் என்று அதை மாட்டாமலே வைத்துவிட்டு, கையில் வந்த பணத்தில் பெரும்பங்கைக் கொட்டி அந்த வண்டியை வாங்கினார். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே அதை நுழைத்து நிறுத்தியபோது வீட்டுக்காரி சுற்றிவந்து பார்த்தாள்.

"இந்த யானைய எதுக்குங்க வாங்கினீங்க?"

"பின்னாடி ஒரு வீட்ட மாட்டி இழுத்துக்கிட்டு நீயும் நானும் ஊர் ஊராப் போகலாம்."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. படுக்கை, அடுப்பு, சின்ன மேசை எல்லாம் வைத்த சக்கர வீடு ஒன்று வாங்குவது அவர் திட்டம். வீடு வருவதற்கு முன்பே அவசரப்பட்டுக் கொக்கியை வாங்கிவிட்டார். பேர்தான் கொக்கி, பார்க்க உள்ளங்கை கொள்ளாத இரும்பு உருண்டை, அதற்கு ஒரு கழுத்து, வண்டியின் பின்புறத்துச் சதுரக் குழாயில் செருகிப் பூட்ட ஒரு கனத்த ஆணி. வாடகைக்கு ஒரு சக்கர வீட்டை எடுத்து மாட்டி ஒருமுறை போயும் வந்தார்கள். ஏரிக்கரை ஒன்றில் நிறுத்தி, வீட்டுக்காரி அந்தக் குட்டி அடுப்பில் டீ போட்டாள். நல்லாத்தான் இருக்கு என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது லேசுப்பட்ட விஷயம் இல்லை.

அதற்குள் வெளிநாட்டில் இருந்த மகளுக்குப் பிரசவம் வந்தது. ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போன வீட்டுக்காரி, பேத்தி நடக்கட்டும் என்றாள், மகள் வேலைக்குப் போகட்டும் என்றாள், பிறகு பேரனும் பிறந்தான். இவரும் ஒருமுறை போய்ப் பார்த்தார். மாப்பிள்ளை தங்கமான பையன். இவர் ஒரு ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டால் போதும், "மாமா, நீங்க உக்காருங்க" என்பான். குப்பை கொட்டப் போனால் "மாமா, நீங்க உக்காருங்க." மூன்று மாதம் அந்த வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து உட்கார்ந்து, தானே அதன் உறைபோல ஆகிவிட்டதாக உணர்ந்தார். வீட்டுக்காரி அவர் கண்ணிலேயே படமாட்டாள். ஒரு பிள்ளை இடுப்பிலும் இன்னொன்று காலிலுமாக அந்த வீட்டுக்குள் எங்கேயோ ஓடிக்கொண்டிருப்பாள். விட்டால் போதும் என்று ஊர் திரும்பிவிட்டார்.

திரும்பி வந்த வீட்டில் யாரும் இல்லை. உள்ளதைச் சொன்னால், அந்தத் தனிமை அவரைத் தின்றது. காலையில் பல் தேய்த்ததும் அன்றைய வேலை முடிந்துபோனது. குழம்பு வைத்தால் அதே குழம்பை நாலு நாள் பார்க்க வேண்டியிருந்தது. ஃப்ரிட்ஜ் ஓடி நிற்கும்போது வீட்டில் ஏதோ குறைந்ததுபோல இருக்கும். அது மறுபடி ஓடத் தொடங்கினால் ஆள் வந்ததுபோல இருக்கும்.

அப்படி ஒரு மழை நாளில்தான் குழுவில் இருந்த பைப் கடைக்காரர் தன் வண்டியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டு, யாராவது வர முடியுமா என்று குழுவில் கெஞ்சினார். மலையேறும் வண்டி, மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் சாய்ந்து கிடந்தது. மற்றவர்கள் ஐயோ பாவம் என்று முகப்படம் போட்டார்கள். இவர் ஃபோனைப் போட்டார்.

"எங்க இருக்கீங்க?"

எத்தனை காலத்துக்குப் பிறகு அந்தக் கேள்வி!

அன்றிலிருந்து இவர் வாழ்க்கைக்கு உயிர் வந்தது. குழுக்காரர்கள் கூப்பிட்டார்கள், அவர்களின் மச்சான்கள் கூப்பிட்டார்கள், மச்சானின் ஆபீஸ்காரர்கள் கூப்பிட்டார்கள். காசு வாங்கமாட்டார். குளிக்கப் போனால்கூட ஃபோனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். வீட்டுக்காரி தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவாள். பேத்தி ஒரு பாட்டுப் பாடும், பேரன் திரையை நக்குவான், இவர் தான் இழுத்த கதையைச் சொல்வார். நடுவில் வேறு அழைப்பு வந்தால், "இரு, யாரோ மாட்டிக்கிட்டாங்க" என்று வைத்துவிடுவார்.

இந்தச் சந்தோஷத்துக்கு வண்டிக் கம்பெனிக்காரன் வேட்டு வைத்தான். புதிதாக ஒரு திட்டம். வண்டிக்குள் ஒரு பட்டனை அழுத்தினால் கம்பெனி லாரியே வந்து தூக்கிப்போகும், வண்டியில் ஒரு கீறல் விழாது, ரீசேலுக்கும் பங்கம் இல்லை. குழுவில் எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு சேர்ந்தார்கள். கொக்கி அண்ணாவின் ஃபோன் மெல்ல மெல்ல ஊமையானது. ஒரு முழு மழைக்காலம் போயிற்று, ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. ரிப்பேரோ என்று இவர் தன் லேண்ட்லைனிலிருந்து தன் செல்லுக்கே அடித்துப் பார்த்தார். நன்றாகத்தான் அடித்தது.

அப்போதுதான் அவர் ஒரு சின்னத்தனமான காரியம் செய்தார். சின்னத்தனம் என்றாலும் பாவம், வேறு வழி தெரியவில்லை. குழுவில் எழுதினார்: "வண்டியைக் கொடுத்துவிட்டு மகள் வீட்டோடு போய்விடலாமா என்று ஒரு யோசனை. உங்கள் அபிப்பிராயம் என்ன?"

விற்கிற எண்ணம் துளியும் கிடையாது. ஐயோ, நீங்க போயிட்டா எங்கள யார் இழுப்பாங்க என்று யாராவது ஒருவர், ஒரே ஒருவர், கேட்டுவிட்டால் போதும், மறுநாளே யோசனையை மாற்றிக்கொண்டேன் என்று எழுதிவிடலாம். அப்படி யாரும் கேட்காவிட்டால் மகள் வீட்டுச் சோபாதான் கதி. ஃபோனை மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

அபிப்பிராயம் கேட்டால் இவர்களிடம் பஞ்சமா? மளமளவென்று கொட்டியது. வருஷம் முடியறதுக்குள்ள தள்ளிடுங்க, அடுத்த மாடல் வருது. டயர் மாத்திட்டுக் காட்டுங்க. கொக்கி இருந்தா வாங்கறவன் அப்படியே ஓடிடுவான், முதல்ல அதக் கழட்டுங்க. பிளாஸ்டிக் உறைக்காரர் ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். கடைசியில் பைப் கடைக்காரர் வந்தார். இவர் மூன்று முறை வாய்க்காலிலிருந்து தூக்கிவிட்ட அதே ஆள். "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. உங்க வண்டி பாதி ஊர இழுத்த வண்டி. இது எல்லாருக்கும் தெரியும். அதனால விலை பெருசா எதிர்பாக்காதீங்க."

இவர் அதைப் படித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். வந்து திரும்பப் படித்தார். அந்தப் பாதி ஊர் என்ற வார்த்தை முள்ளாகக் குத்தியது. அந்தப் பாதி ஊரில் முதல் ஆள் இவன்தானே?

வீம்பு வந்துவிட்டது. நல்ல விலைக்கு விற்றுக் காட்டுகிறேன் பார் என்று கீழே இறங்கிப் போனார். ஆணியை உருவி, கொக்கியைக் கழற்றி, ஒரு பழைய துண்டில் சுற்றி மேலே கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். குழாய் வாயை அதற்கான கறுப்பு மூடியால் மூடினார். வண்டி ஒன்றுமே தெரியாத பிள்ளைபோல நின்றது.

விளம்பரம் பார்த்து வந்தவர் ஒரு மருந்துக் கடைக்காரர், கூடவே அவர் வீட்டுக்காரம்மா. மருந்துக் கடைக்காரர் நாடி பிடிப்பதுபோலக் கதவு கதவாகத் தட்டிப் பார்த்தார். ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். அம்மா பின்சீட்டில், கொக்கி அண்ணா பக்கத்து சீட்டில்.

"சார், வண்டிய இழுக்கக் கிழுக்கப் பயன்படுத்தினீங்களா?"

"இல்லையே." கண்ணாடி முன்னால் நின்று பழகிய பதில் அது. சுத்தமாக வந்தது.

"நல்லது. அப்ப நீங்க கேட்ட விலை நியாயம்தான்."

எல்லாம் முடிந்திருக்க வேண்டியது. ஆனால் பாலத்தைத் தாண்டி வண்டி இடதுபக்கம் திரும்பியபோது அந்த மேட்டுச் சாலை வந்தது. இவர் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இங்கதாங்க ஒரு ஐஸ்கிரீம் வண்டி நின்னு போச்சு. உச்சி வெயில். டிரைவர் அழுவுறான், உள்ள எல்லாம் உருகுது. நம்ம வண்டிலதான் கட்டி இழுத்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது உறைத்தது. மருந்துக் கடைக்காரர் சாலையைப் பார்த்தபடியே ஓட்டினார்.

"அப்படியா? அப்புறம்?"

"அப்புறம் என்ன, போய்ச் சேரும்போது பாதி பாயசம். ஒரு பெட்டி குடுத்தான். நான் ஒருத்தனே எவ்வளவு சாப்பிடறது? காவலாளிக்குக் குடுத்தேன்."

பின்சீட்டிலிருந்து அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு இவரைக் கெடுத்துவிட்டது. எத்தனை நாளாயிற்று, வண்டிக்குள் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு!

"அப்புறம்?" என்றார் மருந்துக் கடைக்காரர்.

பியானோ கதையைச் சொன்னார். வீடு மாற்றிப் போனவர்களின் டிரெய்லரில் ஒரு பியானோ. இழுக்கிற வண்டி வழியில் படுத்துவிட்டது, இவர் மாட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு பள்ளத்திலும் அது தானாக வாசித்ததாம். "ஐயோ, அது உடையலையா?" என்று அம்மா கேட்டார். உடையவில்லை என்றார் இவர் பெருமையாக. அப்புறம் பைப் கடைக்காரர் கதை. மூன்று தடவையும் அதே வாய்க்கால். அப்புறம் தண்ணீர் லாரி.

தண்ணீர் லாரி என்றதும் மருந்துக் கடைக்காரர் முகத்தில் ஒரு திருப்தி படர்ந்ததை இவர் பார்த்தார். கம்பெனி நடத்திய ஆள், கொக்கி அண்ணாவும் பேரம் தெரியாதவர் இல்லை. ஒவ்வொரு கதைக்கும் விலை இறங்கிக்கொண்டிருந்தது. அந்த "அப்புறம்" எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது அவருக்குப் பட்டப்பகல்போலத் தெரிந்தது. தெரிந்தும் சொன்னார். யாரோ அப்புறம் என்று கேட்கிறார்களே, அது போதுமே. விலைதானே, போகட்டும்.

திரும்பி வந்து நிறுத்தியதும் மருந்துக் கடைக்காரர் ஒரு விலை சொன்னார். அடிமாட்டு விலை. கொக்கி அண்ணா மறுபேச்சு இல்லாமல் சரி என்றார். இறங்கும்போது அந்த அம்மா மட்டும், "உங்க கதையெல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி போனது. இரண்டு தூண்களுக்கு நடுவே தரை மட்டும் கொஞ்சம் சுத்தமாக இருந்தது. குழுவில் விற்றுவிட்டேன் என்று எழுதினார். வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்தன. என்ன விலைக்குப் போச்சு என்று கேட்டவர்கள்தான் அதிகம். வீட்டுக்காரி, "அப்ப டிக்கெட் போட்டுடலாங்களா?" என்றாள். போடலாம், போடலாம் என்று இழுத்தடித்தார். சாப்பாட்டு மேசையில் கொக்கி துண்டுக்குள் கிடந்தது. அதற்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

பிறகு ஒரு பெருமழை. காலையில் ஃபோன் அடித்தது. பைப் கடைக்காரர்.

"எங்க இருக்கீங்க?"

"அதே வாய்க்கால்தாண்ணா. கம்பெனி லாரி சாயங்காலம்தான் வருமாம்."

"நான் வண்டிய வித்துட்டேனேப்பா."

"தெரியும்ணா. அதான், வாங்கினவர் நம்பர் இருந்தா குடுங்களேன். அவர் இன்னும் குழுவுல சேரல."

மழைச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. பிறகு நம்பரைச் சொன்னார், ஒவ்வோர் எண்ணாக, நிறுத்தி நிறுத்தி. ஃபோனை வைக்கப் போகும்போதுதான் மேசை கண்ணில் பட்டது.

"இருப்பா. அவர்கிட்ட கொக்கி கிடையாது. அது இங்க இருக்கு. வந்துட்டே இருக்கேன்."

வாடகைக் காரில் துண்டு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு போனார். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "என்ன சார் அது, இவ்வளவு பத்திரமாப் பிடிச்சிருக்கீங்க?" என்றான். "அவசரம், கொஞ்சம் வேகமாப் போப்பா" என்றார். அங்கே தன் பழைய வண்டி நிற்பதைப் பார்த்தபோது கழுவாமல் வைத்திருக்கிறார்கள் என்று கோபம் வந்தது. சேற்றில் முட்டி போட்டு, கறுப்பு மூடியைப் பெயர்த்து, கொக்கியைச் செருகி ஆணியைப் பூட்டினார். தலைக்கு மேலே குடை பிடித்துக்கொண்டு இரண்டு முதலாளிகளும் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஒரு தடவை இழுத்தா ரீசேல் அடி வாங்குமா? ஒரு தடவைன்னா ஒண்ணும் ஆகாது, யாருக்கும் தெரியாம பாத்துக்கணும்.

பைப் கடைக்காரர் வண்டி மேலே வந்தது. கொக்கி அண்ணா வண்டிக்குப் பின்னால் நின்று, கையைக் காட்டிக் காட்டி, ஒரு கீறல் விழாமல் ஏற்றிவிட்டார். முடிந்ததும் மருந்துக் கடைக்காரர் தயங்கியபடி வந்தார்.

"சார், கொக்கியக் கழட்டிடுங்க. பின்னாடி அது தெரிஞ்சா நாளைக்கு விக்கும்போது கேள்வி வரும். நீங்களே வச்சுக்கங்க. தேவைன்னா கூப்பிடறோம்."

தேவைன்னா கூப்பிடறோம். இவர் காதில் தேன் வந்து பாய்ந்தது. மறுபடி முட்டி போட்டார். எந்த ரீசேல் இவரை ஒதுக்கியதோ அதே ரீசேல் கொக்கியை இவர் கையிலேயே விட்டுவைத்திருக்கிறது. இனி எவன் மாட்டினாலும் இவரிடம்தான் வர வேண்டும்! சேற்றோடு வீடு வந்து, கொக்கியைக் குழாயடியில் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவினார். சோபாவாவது ஒன்றாவது.

சாயங்காலம் வீட்டுக்காரி அழைத்தாள்.

"எங்கங்க போனீங்க? காலையிலேருந்து மூணு தடவை கூப்பிட்டேன்."

இவர் ஒரே மூச்சில் எல்லாம் சொன்னார். வாய்க்கால், மழை, குடை, கடைசியில் மருந்துக் கடைக்காரர் சொன்னது. "அதனால டிக்கெட் இப்ப வேண்டாம். இங்க வேலை இருக்கு."

"வண்டியத்தான் வித்தாச்சே."

"கொக்கி என்கிட்டதான இருக்கு!"

வழக்கமாக இந்த இடத்தில் அவள் ஒரு குத்தல் பேச்சு பேசுவாள். இன்று ஒன்றும் வரவில்லை. திரையில் அவள் முகம் மட்டும் இருந்தது. பேத்தி இல்லை, பேரன் இல்லை.

"யார் யாரோ கூப்பிட்டா ஓடறீங்க. நான் தினம் கூப்பிடறேனே, அத என்னன்னு நினைச்சீங்க? பொழுது போகாமக் கூப்பிடறேன்னா?"

ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவளுக்குப் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். ஏதோ இயந்திரம் கடகடவென்று சுற்றுகிற சத்தம். அந்தச் சத்தத்தைத் தினமும் கேட்டிருக்கிறார். லைன் சரியில்லை என்றுதான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க இருக்க?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அவளிடம் அவர் அதைக் கேட்டதே இல்லை.

"துணி துவைக்கிற ரூம்ல. மெஷின் ஓடற வரைக்கும் இங்க யாரும் தேட மாட்டாங்க. அதுக்குள்ள பேசினாத்தான் உண்டு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பிள்ளைங்களக் காட்டிட்டு இங்க வந்துடுவேன். நீங்க அதுக்குள்ள வச்சிடுவீங்க. யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு."

மேசைமேல் எண்ணெய் மினுக்கோடு கொக்கி கிடந்தது. அதைத் துண்டால் மூடினார்.

"எந்த மாடி?"

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "கீழ்த்தளம்."

"சரி. பதறாத," என்றார் அவர். "வந்துட்டே இருக்கேன்."